பனையோலைப் பெட்டியை இணையத்தில் விற்பது எப்படி: திருகோணமலைக் கைவினைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பின்னத் தெரிந்த ஒருவர் தம் பொருளை இணையத்தில் விற்க நினைத்ததும் முதலில் பேஸ்புக்கில் ஒரு பக்கத்தைத் திறந்துவிடுகிறார். உண்மையில் அது ஏறக்குறைய இறுதியில் செய்ய வேண்டிய வேலை. பக்கம் திறந்த சில நாட்களிலேயே கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருவர், "விலை என்ன, எவ்வளவு பெரியது, எப்போது கிடைக்கும், அனுப்பும் செலவு எவ்வளவு" என்று ஒரே மூச்சில் கேட்பார். நான்கில் ஒன்றுக்கும் உறுதியான விடை இல்லாமல் "கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதினால், அவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

எனவே இவ்வழிகாட்டி பொருளைத் தெரிவதில் தொடங்கி, பொதி, விலை, படம் ஆகியவற்றைக் கடந்த பின்னரே பக்கத்துக்கு வருகிறது. எடுத்துக்காட்டுகள் பனையோலைப் பொருட்களைப் பற்றியவை. சிரட்டைப் பொருள், பன்பாய், கைத்தையல் செய்வோரும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓரளவு நல்ல கமரா உள்ள கைபேசி, தையல் அளவு நாடா, கிராம் கணக்கில் நிறுக்கும் சிறிய இலத்திரனியல் தராசு, ஒரு கணக்குக் கொப்பி, வியாபாரத்துக்கென்று தனியான சிம் அட்டை ஆகியவை போதும். சிம் அட்டை வியாபாரத்தை நடத்துபவரின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். மகனின் பெயரிலோ மருமகனின் பெயரிலோ எடுத்த இலக்கத்தில் வியாபாரம் வளர்ந்த பிறகு அவர் வெளிநாடு போய்விட்டால், சிம் தொலையும் நாளில் இலக்கத்தையும் வாடிக்கையாளர் தொடர்புகளையும் மீட்பது பெரும் பாடாகிவிடும்.

1. மூன்று அல்லது நான்கு பொருட்களை மட்டும் தெரிவு செய்யுங்கள்

கடகம், சுளகு, மூடிப்பெட்டி, விசிறி, பாய், கைப்பை, திறப்புக் கோர்வை என்று தெரிந்த அனைத்தையும் முதல் நாளே காட்ட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். சந்தையில் வாங்குபவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறார், அதனால் ஒவ்வொரு பெட்டியும் வேறு அளவில் இருந்தாலும் குறையில்லை. இணையத்தில் வாங்குபவரோ படத்தில் கண்டதைத்தான் எதிர்பார்க்கிறார். ஆகவே ஒரே அளவில், ஒரே நிறத்தில், திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய பொருட்களே முதற்கட்டத்துக்கு ஏற்றவை.

ஒரு பொருளைத் தெரிவு செய்ததும் அதில் ஐந்தைப் பின்னி, ஐந்தையும் அளந்து பாருங்கள். நீளத்திலும் அகலத்திலும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபாடு இருந்தால், மட்டையில் வெட்டிய அளவு அச்சொன்றைச் செய்து வைத்துக்கொண்டு மறுபடியும் பின்னுங்கள். பலர் சேர்ந்து பின்னும் குழுக்களில் இந்த அச்சு இன்னும் அவசியம், ஏனெனில் ஒருவர் கை இறுக்கமாகவும் இன்னொருவர் கை தளர்வாகவும் இருக்கும்.

கரையோரத்தில் வாழும் நமக்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. பவளப்பாறைத் துண்டுகளையும் ஆமை ஓட்டையும் கொண்டு செய்த பொருட்களை விற்பனைக்கு வைக்கக் கூடாது. இவை வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவிலிருந்து எதையும் எடுத்துவரவும் அனுமதியில்லை. படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பவளத் துண்டை வைப்பதுகூட வீண் வினையை வரவழைக்கும்.

2. விற்கும் முன்பே ஒரு பொதியைக் கட்டிப் பாருங்கள்

புதியவர்கள் மிக எளிதாகத் தாண்டிச் செல்லும் படி இது. பனையோலைப் பொருள் பாரம் குறைந்தது, ஆனால் இடத்தை அடைப்பது. அனுப்பும் செலவு சில வேளைகளில் பாரத்தைப் பார்த்தும், சில வேளைகளில் பொதி அடைக்கும் இடத்தைப் பார்த்தும் கணிக்கப்படுகிறது. சர்வதேச கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, வரும் தொகையைக் கிலோவாகக் கொள்கின்றன. உண்மையான பாரம், இந்தக் கணக்கில் வரும் பாரம் ஆகிய இரண்டில் எது கூடியதோ அதற்கே கட்டணம்.

40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள ஒரு காட்போட் பெட்டிக்குள் அரைக் கிலோப் பாரமுள்ள ஒரு கடகத்தை வைத்து அனுப்புவதாகக் கொள்வோம். இந்தக் கணக்கின்படி அது 7.2 கிலோ. அதே காட்போட் பெட்டிக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மூன்று கடகங்களை வைத்தாலும் அதே 7.2 கிலோதான். ஒற்றைக் கடகமாக விற்பதைவிட மூன்றடுக்குத் தொகுதியாக விற்பது இலாபகரமாக இருப்பதன் காரணம் இதுவே. பின்னும் அளவுகளைத் தீர்மானிக்கும்போதே இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இப்படியை இரண்டாவதாக வைத்திருக்கிறேன்.

உள்நாட்டில் அனுப்பும்போது தபால் கந்தோரிலும், உங்கள் பகுதிக்கு வரும் இரண்டு கூரியர் சேவைகளிலும் முதற் கிலோவுக்கு எவ்வளவு, அடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு, பெரிய பொதிக்கு வேறு கணக்கு உண்டா என்று கேட்டுக் கொப்பியில் எழுதிவையுங்கள். வீட்டுக்கே வந்து பொதியை எடுப்பார்களா என்பதையும் கேட்க வேண்டும். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒவ்வொரு பொதிக்கும் நகரத்துக்கு வந்துபோகும் செலவு, பொருளின் இலாபத்தையே விழுங்கிவிடக்கூடும். அப்படியானால் வாரத்தில் இரண்டு நாட்களை அனுப்பும் நாட்களாகக் குறித்து, அதை வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடலாம்.

பொதி கட்டும்போது பழைய பத்திரிகைத் தாளை ஓலையின் மேல் நேரடியாகச் சுற்றாதீர்கள், அதன் மை வெளிர்நிற ஓலையில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் தாளால் சுற்றி, பெட்டியின் உட்புறத்தில் கசக்கிய தாளை நிரப்பினால் வடிவம் நசுங்காது. கட்டிய பொதியை இடுப்பளவு உயரத்திலிருந்து ஒருமுறை தரையில் போட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். பொதி வழியில் படும் பாட்டுக்கு இது மிகவும் மென்மையான சோதனைதான்.

ஈரம் தனியாகக் கவனிக்க வேண்டிய விடயம். ஐப்பசி பிற்பகுதியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை நம் பக்கம் பெய்யும் காலத்தில், தொட்டால் உலர்ந்திருப்பது போலத் தோன்றும் ஓலையிலும் ஈரம் இருக்கும். அதைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால், பொதி போய்ச் சேரும்போது பூஞ்சணம் பிடித்திருக்கும். மழைக்காலத்தில் பின்னி முடித்த பொருளைக் காற்றோட்டமான இடத்தில் சில நாட்கள் வைத்து, கிடைக்கும் வெயிலில் சிறிது நேரம் காட்டி, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பைக்கற் ஒன்றை உள்ளே போட்டு அனுப்புங்கள். சாயம் போட்ட ஓலையை மட்டும் கடும் வெயிலில் நெடுநேரம் விடக் கூடாது, நிறம் வெளுக்கும். பொலித்தீன் உறை வேண்டுமானால் அது வெளிப்புறத்தில், மழை படாமலிருப்பதற்காக மட்டும் இருக்கட்டும்.

3. கைக்கூலியைச் சேர்த்து விலையைத் தீர்மானியுங்கள்

ஓலை பக்கத்து வளவிலிருந்து கிடைக்கிறது, பின்னுவது வீட்டில் இருக்கும் நேரத்தில்தான், எனவே செலவே இல்லை என்று கணக்குப் போடுபவர்கள் அநேகர். அப்படிக் கணக்குப் போட்டவரிடம் ஒருவர் ஐம்பது பெட்டிகளுக்கு ஓடர் கொடுத்துவிட்டால், உதவிக்கு ஆள் வைத்துக் கூலி கொடுக்க வழியிருக்காது.

ஒரு மூடிப்பெட்டிக்கான கணக்கை மாதிரிக்காகப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்கானவை, உங்கள் ஊர் நிலவரத்தை இட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஓலைக்கு 150 ரூபா, சாயத்துக்கும் நூலுக்கும் 60 ரூபா. நான்கு மணிநேர வேலைக்கு, மணிக்கு 250 ரூபா வீதம் 1000 ரூபா. படம் எடுக்கவும் செய்திகளுக்குப் பதில் எழுதவும் அரை மணிநேரத்துக்கு 125 ரூபா. பொதிச் சாமான்களுக்கு 120 ரூபா. கூட்டினால் 1455 ரூபா. பழுதாவதற்கும் திரும்பி வருவதற்கும் நூற்றுக்கு ஐந்து வீதம் சேர்த்தால் ஏறக்குறைய 1528 ரூபா. அதன்மேல் 20 வீதம் இலாபம் வைத்தால் 1834 ரூபா வரும், அதை 1850 என்று வைத்துக்கொள்ளலாம். அனுப்பும் செலவு இதில் அடங்காது, அதைத் தனியாகவே காட்டுங்கள்.

இந்தக் கணக்கு இன்னொரு விதத்திலும் உதவும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிக் கடையொன்று 40 வீதக் கழிவு கேட்டால், 1850 ரூபாப் பெட்டிக்கு உங்கள் கைக்கு வருவது 1110 ரூபா. ஓலை, சாயம், கூலி மட்டுமே 1210 ரூபா என்பதால் அது நட்டம். கணக்குத் தெரிந்தவர் அந்த இடத்திலேயே மறுக்கலாம், அல்லது சிறிய பெட்டி ஒன்றைக் கடைக்கென்று வேறாகச் செய்யலாம். கடைக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு இணையத்தில் அதே பொருளைக் கூடிய விலைக்குப் போடுவது மட்டும் வேண்டாம். விடுதியில் பார்த்தவர்தான் கைபேசியிலும் தேடுவார்.

4. பெயர், பதிவு, வங்கிக் கணக்கு

வியாபாரப் பெயர் சொல்ல எளிதாகவும், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடியதாகவும் இருக்கட்டும். பெயரைத் தீர்மானிக்கும் முன் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் தேடி, வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தனிநபர் வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு உங்கள் பிரதேச செயலகத்தை அணுகலாம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் தேவைப்படும். பதிவுச் சான்றிதழ் இருந்தால் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க முடியும். முன்பின் அறியாத ஒருவர் முற்பணம் போடும்போது, கணக்கின் பெயரும் பக்கத்தின் பெயரும் ஒன்றாக இருப்பது அவருடைய தயக்கத்தைப் பெருமளவு குறைக்கும்.

5. படம் எடுத்தல்

நம் ஊரில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, கூடிய வெளிச்சம்தான் சிக்கல். நண்பகல் வெயிலில் கடற்கரை மணலில் வைத்து எடுத்த படத்தில் ஓலையின் வெளிர்நிறம் வெள்ளையாகிவிடும், பின்னல் தெரியாது, நிழல் கறுத்து விழும். காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், நேரடி வெயில் படாத விறாந்தையில், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வருமாறு பொருளை வையுங்கள். பக்கவாட்டு வெளிச்சம்தான் பின்னலின் மேடு பள்ளத்தை எடுத்துக் காட்டும். பின்புறத்துக்குச் சுருக்கமில்லாத ஒற்றை நிறத் துணி போதும். பூப்போட்ட மேசைவிரிப்பின் மேல் நிறப்பெட்டியை வைத்தால் பார்ப்பவருக்கு எது பொருள் என்று புரிய நேரம் எடுக்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து படங்கள் வேண்டும்: முன்புறம், உட்புறம், விளிம்பும் அடிப்பகுதியும் தெரியும் அண்மைப் படம், ஒருவர் கையில் பிடித்திருப்பது, பயன்பாட்டில் இருப்பது. கையில் பிடித்த படம் இல்லாவிட்டால், எத்தனை தெளிவாக அளவை எழுதினாலும் "நான் பெரிதென்று நினைத்தேன்" என்ற முறைப்பாடு வரும். அடிப்பகுதியைக் காட்டுவது எதற்கென்று சிலர் கேட்பதுண்டு. பின்னலைப் பற்றித் தெரிந்தவர் முதலில் பார்ப்பது அதைத்தான், தெரியாதவருக்கும் மறைக்க ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை அதனால் வரும்.

நிறத்தைக் கூட்டிக் காட்டும் வடிகட்டிகளைப் பயன்படுத்தாதீர்கள். சிவப்புச் சாயம் படத்தில் செக்கச்செவேலென்றும் நேரில் செங்கல் நிறத்திலும் இருந்தால், பொதி திரும்பி வரும் செலவு உங்களுடையது. தொலைபேசி இலக்கத்தைப் படத்தின் நடுவில் பெரிதாக எழுதுவதும் வேண்டாம்.

6. விவரம் எழுதுதல்

பொருளின் பெயர், செய்யப்பட்ட மூலப்பொருள், நீளம், அகலம், உயரம், பாரம், விலை, செய்து முடிக்க எடுக்கும் நாட்கள், பராமரிப்பு ஆகியவற்றை இந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள். "விலைக்கு உள்பெட்டியில் வாருங்கள்" என்று எழுதும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. விலை தெரியாத பொருளைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் பேசாமல் போய்விடுவார்கள், கேட்பவர்களில் பாதிப்பேருக்கு விலையைச் சொல்வதிலேயே உங்கள் பொழுது போய்விடும்.

பராமரிப்புக் குறிப்பில் ஓலையை நீரில் ஊற வைக்கக் கூடாது, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், ஈரம் பட்டால் காற்றில் உலர்த்த வேண்டும் என்று நேரடியாக எழுதுங்கள். நகரத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர் பலருக்கு இது தெரியாது.

தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விவரம் இருந்தால் தென்னிலங்கை வாடிக்கையாளரும் சுற்றுலாப் பயணிகளும் தயக்கமின்றிக் கேட்பார்கள். சிங்கள வாசகத்தை இயந்திரத்திடம் மட்டும் விட்டுவிடாமல், அம்மொழி தெரிந்த அயலவர் ஒருவரிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள். அளவிலோ திருப்பியெடுக்கும் நிபந்தனையிலோ ஒரு சொல் மாறினாலும் தகராறு வரும்.

7. வாட்ஸ்அப் பிஸ்னஸ்

பேஸ்புக்குக்கு முன்பே இதை அமையுங்கள். இலங்கையில் பேரம் முடிவது பெரும்பாலும் இங்கேதான், பக்கம் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு மட்டுமே. தனியான சிம் இலக்கத்தில் செயலியைப் பதிந்து, வேலை நேரத்தைக் குறித்து, பொருட்பட்டியலில் ஒவ்வொரு பொருளையும் படம், விலை, அளவுடன் ஏற்றுங்கள். அதன்பின் அடிக்கடி வரும் கேள்விகளுக்கான விடைகளை உடனடிப் பதில்களாகச் சேமியுங்கள்: அனுப்பும் கட்டணம், வங்கி விவரம், எத்தனை நாளில் கிடைக்கும், திருப்பியெடுக்கும் நிபந்தனை. பின்னும் வேலைக்கு நடுவில் கைபேசியில் நீளமாகத் தட்டச்சிட வேண்டியிருக்காது.

"புதியவர்", "பணம் வரவேண்டும்", "அனுப்பியாயிற்று" என்று அடையாளங்களை இட்டு உரையாடல்களைப் பிரித்து வையுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே வேளையில் அனுப்ப உதவும் ஒலிபரப்புப் பட்டியலுக்கு நீங்கள் அனுப்பும் செய்தி, உங்கள் இலக்கத்தைத் தம் கைபேசியில் சேமித்தவர்களுக்கே போய்ச் சேரும். எனவே பொதிக்குள் வைக்கும் சிறு அட்டையில், இலக்கத்தைச் சேமித்துக்கொள்ளுமாறு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

8. பேஸ்புக் பக்கமும் கூகுள் வரைபடமும்

இப்போது பக்கத்தைத் திறக்கலாம். தனிப்பட்ட கணக்கையே கடையாக்காமல், வியாபாரப் பக்கமாகத் திறந்து, நம்பிக்கையான இன்னொருவருக்கும் முழு நிர்வாக உரிமை கொடுத்து, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். ஒருவர் கைபேசி தொலைந்தால் பக்கமும் தொலையக் கூடாது. பக்கத்தை அறிவிக்கும் முன்பே பத்துப் பதிவுகளாவது இருக்கட்டும், வெறும் பக்கத்தைப் பின்தொடர யாருக்கும் காரணமில்லை.

என்ன பதிவிடுவது என்பதில் என் கருத்து இதுதான்: முடிந்த பொருளின் படத்தைவிட, குருத்தோலையை வார்ந்து, சாயத்தில் அவித்து, அடி தொடங்கி விளிம்பு கட்டும் வரையிலான குறுங்காணொளிகள் அதிகம் கேள்விகளைக் கொண்டுவருகின்றன. நான்கு மணிநேர வேலையை ஒரு நிமிடத்தில் கண்டவர் விலையைக் குறைக்கச் சொல்வதும் குறைவு. அதே காணொளியை இன்ஸ்டகிராமிலும் டிக்டொக்கிலும் இடலாம், ஆனால் மூன்றிலும் தனித்தனியாக ஓடரை ஏற்காமல் எல்லாரையும் வாட்ஸ்அப்புக்கே வரச்செய்யுங்கள். ஒரே பெட்டியை இருவருக்கு விற்கும் சங்கடம் அதனால் தவிரும்.

கூகுள் வணிக விவரப் பதிவைப் பலர் கவனிப்பதில்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கிழக்குக் கரைக்கு வரும் பயணிகள் விடுதியில் இருந்தபடி வரைபடத்தில்தான் தேடுகிறார்கள். வேலைத்தலத்துக்கு ஆட்கள் வரலாம் என்றால் இடத்தைக் குறியுங்கள். வீட்டில் தனியாகப் பின்னும் பெண்கள், விலாசத்தை மறைத்து, சேவை வழங்கும் பகுதியை மட்டும் காட்டும் தெரிவைப் பயன்படுத்தலாம்.

பணம் கொடுத்துச் செய்யும் விளம்பரத்தை, விளம்பரமின்றிச் சில ஓடர்களை ஒழுங்காக அனுப்பி முடிக்கும் வரை ஒத்திவையுங்கள். அப்போது எந்தப் படத்துக்குக் கேள்விகள் வந்தன என்பது தெரிந்திருக்கும், அந்த ஒரு படத்துக்கு மட்டும் செலவிடலாம். விருப்பக்குறிகளை அல்ல, செய்திகளைப் பெறுவதையே நோக்கமாகத் தெரிவு செய்யுங்கள்.

9. ஓடரும் பணமும்

ஓடர் உறுதியானதும் பொருள், நிறம், அளவு, தொகை, அனுப்பும் நாள், பெறுபவரின் பெயர், விலாசம், இலக்கம் ஆகியவற்றை ஒரே செய்தியில் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலைப் பெறுங்கள். பின்னர் வரும் பெரும்பாலான பிணக்குகளை அந்த ஒரு செய்தி தீர்த்துவிடும்.

பணம் போட்டதாக வரும் பற்றுச்சீட்டுப் படத்தை நம்பிப் பொதியை அனுப்பாதீர்கள். படத்தைத் திருத்துவது எளிது. உங்கள் வங்கிச் செயலியிலோ குறுஞ்செய்தியிலோ வரவைப் பார்த்த பின்பே அனுப்புங்கள். இதைக் கேட்பது அவமதிப்பு என்று தயங்குவோருக்கு, "வரவு பதிவானதும் அனுப்புவோம்" என்ற வரியை உடனடிப் பதிலாகவே சேமித்து வைக்கச் சொல்வேன்.

பொருளைப் பெறும்போது பணம் கொடுக்கும் முறையை வாடிக்கையாளர் விரும்புவார்கள், ஆனால் அவர் வாங்க மறுத்தால் போக்குவரத்துச் செலவு உங்கள் தலையில் விழும், பணம் கைக்கு வரவும் நாட்கள் ஆகும். எனவே கைவசம் இருக்கும் சாதாரணப் பொருளுக்கு மட்டும் அதை அனுமதியுங்கள். பெயர் பின்னிய பெட்டிக்கும் திருமண வீட்டுத் தொகை ஓடருக்கும் பாதி முற்பணமின்றி ஓலையைத் தொடக்கூட வேண்டாம், மறுக்கப்பட்டால் அவற்றை வேறு யாருக்கும் விற்க முடியாது.

10. வெளிநாட்டுக்கு அனுப்புதல்

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவுக்காரர் கேட்கிறார்கள் என்று முதல் மாதமே இதில் இறங்க வேண்டாம். உள்நாட்டுப் பொதிகள் சேதமின்றிப் போய்ச் சேரத் தொடங்கிய பிறகு, மடித்துத் தட்டையாக அனுப்பக்கூடிய பாய், விசிறி, மடிப்புப் பை ஆகியவற்றுடன் ஆரம்பியுங்கள். இரண்டாம் பகுதியில் சொன்ன கணக்கில் இவையே கட்டணம் குறைந்தவை.

போய்ச் சேரும் நாட்டின் வரியைப் பற்றி வாங்குபவருக்கு முன்பே எழுதிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோவுக்குட்பட்ட பொதிகளுக்கு இருந்த பெறுமதி சேர் வரி விலக்கு 2021 யூலை 1 இல் முடிந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கும் 2025 ஓகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. பழைய நினைவில் "சின்னப் பொதிக்கு வரி இல்லை" என்று உறுதியளித்தால், வாசலில் வரி கேட்கப்படும் உறவினர் பொதியை ஏற்க மறுப்பார், உறவும் கசக்கும். அவுஸ்திரேலியா உலர்ந்த தாவரப் பொருட்களை உயிரியல் பாதுகாப்புக்காகக் கடுமையாகச் சோதிக்கும் நாடு. பூச்சி அரித்த துளையோ பூஞ்சணமோ உள்ள ஓலையை அங்கே அனுப்பவே கூடாது, பொருளில் பூச்சியோ நோயோ இல்லை என்று உறுதிப்படுத்தும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தேவையா என்பதைக் கட்டுநாயக்கவில் உள்ள தேசிய தாவரத் தொற்றுக்காப்பு நிலையத்தில் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

சுங்கப் படிவத்தில் "பரிசு" என்று எழுதி, பெறுமதியையும் குறைத்துக் காட்டி விற்பனையை மறைக்கச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். எழுதிய பெறுமதிக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது என்பதால், பொதி தொலைந்தால் நட்டம் முழுவதும் உங்களுக்கே. பொருளை உள்ளபடி "பனையோலையால் கையால் பின்னிய பெட்டி" என்று ஆங்கிலத்தில் எழுதி, உண்மை விலையைக் குறித்து, பின்தொடரும் இலக்கம் உள்ள சேவையில் அனுப்புங்கள். அந்த இலக்கத்தின் படத்தை அன்றே வாங்குபவருக்கு அனுப்பிவிட்டு, பொருள் கிடைத்ததென்று அவர் எழுதும் வரை தபால் பற்றுச்சீட்டைக் கணக்குக் கொப்பியின் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.